முசேயின் அக்கா மகனும் என் பழைய மெஷினும்

அந்தப் புது மெஷின் வந்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்தேன். நெத்திலிக் குழம்பு வாசனை மேலே வந்தது. மூடி வைத்துவிட்டேன். பசிக்கவில்லை என்று கேமராக்காரரிடம் சொன்னது பச்சைப் பொய். வயிறு அப்படி எரிந்துகொண்டிருக்கும்போது சோறு எங்கே இறங்கும்?

குருசுக்குப்பம் போகிற வழியில் ஒரு மாடி அறையில் இருந்தது எங்கள் வீடியோ மிக்ஸிங் ஸ்டுடியோ. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரில் எல்லாக் கல்யாணமும் கேசட்டிலிருந்து சிடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். முதலாளி பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவரை எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போக ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்து வருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, மணமக்கள் தலையில் பூவும் நட்சத்திரமும் தூவி சிடியாகக் கொடுப்பது என் வேலை. உழவர்கரையிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். அந்த மிக்ஸிங் அறையில் நான் ஒருத்திதான். நான் வைத்ததுதான் சட்டம்.

எங்கள் தொழிலுக்கு ஆகஸ்ட் மாதம்தான் உயிர். பிரான்சில் இருக்கிற நம் ஊர்க் குடும்பங்கள் வக்கான்ஸ் என்று அவர்கள் சொல்லும் கோடை விடுமுறைக்கு வந்து இறங்குவார்கள். வந்த இடத்தில் மாதா கோயிலில் ஓலை என்கிற கல்யாண அறிவிப்பை வாசித்து, கல்யாணத்தை நடத்தி, அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் அந்தக் கல்யாணங்களுக்கு முகூர்த்த நாளைவிட டிக்கெட் நாள்தான் முக்கியம். ஆர்டர் எடுக்கும்போது முசே கேட்கிற முதல் கேள்வியே டிக்கெட் என்றைக்கு என்பதுதான். பெட்டி கட்டும்போது மிளகாய்த்தூளுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் எங்கள் சிடி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு தபாலில் அனுப்புகிறோம் என்ற பேச்சே கிடையாது.

பாரீஸ் கல்யாணம் என்று நாங்கள் சொன்ன அந்த வேலை முழுவதும் எனக்குத்தான் வரும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. போன்ழூர், மெர்சி, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாருக்காகச் சாமியார் பூசையில் பிரெஞ்சிலேயே கேள்வி கேட்பார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்காது. ஆனால் பெண் எந்த நொடியில் ‘உய்’, அதாவது ஆம் என்று சொல்லப் போகிறாள் என்பது தெரியும். அதற்குச் சற்று முன்னால் முகவாய் லேசாக மேலே ஏறும். அங்கே பிடித்து, அவள் சொல்லி முடித்த பிறகும் முகத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைப்பேன், பாட்டு எதுவும் போடாமல். அந்த இடத்தில் வீட்டோடு உட்கார்ந்து அழுதோம் என்று பிரான்சிலிருந்து போன் பண்ணிச் சொல்வார்கள். முசே அதை என்னிடம் வந்து சொல்வார், ஏதோ மின்சார பில் வந்துவிட்டது என்கிற குரலில். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியாது.

கூடவே ஒரு பயமும் உண்டு. சீசனில் கேசட்டுக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒரு கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவுடன் அதே கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு கேமராக்காரர் அடுத்த வீட்டு விசேஷத்துக்கு ஓடுவார். அன்று மாலையே அதன் மேல் வேறு யாராவது மாலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆக, என் ஹார்டு டிஸ்கில் இருப்பதுதான் அந்தக் கல்யாணம். அதற்கு இன்னொரு பிரதி வைக்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. சேர்ந்த புதிதில் முசே இதை மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை, வழி சொல்வதுபோல் சொன்னார்: ஒரு கல்யாணம் தொலைந்தால் மறுநாள் நான் வர வேண்டியதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. விளக்கு ஒரு முறை கண்சிமிட்டினாலும் என் கை தானாக மெஷினின் தலைமேல் போய் உட்காரும்.

இப்படி இருந்த அறைக்குள்தான் ஒரு ஜூலை மாதம் முசேயின் அக்கா மகன் வந்தான். பாரீசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பையன், இருபதைத் தாண்டியிருப்பான். அங்கே படிப்பில் இடறிவிட்டதால் கொஞ்ச காலம் மாமாவோடு இருந்து தொழில் பழகட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரையே துண்டு துண்டாகக் கொண்டுவந்திருந்தான். கேபினட் மட்டும் இங்கே வாங்கினான். ஒரே காலையில் எல்லாவற்றையும் பூட்டி என் மேசைக்குப் பக்கத்து மேசையில் வைத்தான். ரெண்டர் என்று ஒரு வேலை உண்டு. வெட்டி ஒட்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே படமாகக் கோத்துக் கொடுப்பது. என் மெஷினில் காலையில் தட்டிவிட்டால் மதியம்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் தட்டிவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான். முடிந்திருந்தது. எனக்குக் காதில் புகை வந்தது.

மெஷினோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் படியேறும்போதே அவன் குரலைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள். என்னிடம் கையையும் காலையும் ஆட்டி விளக்குகிற பெரிய அம்மாக்கள் அவனிடம் மடமடவென்று பிரெஞ்சில் கொட்டினார்கள், சிரித்தார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தம் கொடுத்தார்கள். நான் ஒரு ஓரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் ஓடாத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அதற்கும் வழி இல்லை. அக்கா அக்கா என்று கூப்பிட்டான். எனக்கென்று தனியாகச் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தான். வேண்டா வெறுப்பாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றேன். நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

ஆகஸ்டின் முதல் பாரீஸ் கல்யாணம் வந்தபோது முசே கேசட்டை அவன் மேசையில் வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“இத இவன் பாக்கட்டும்மா,” என்றார். “உன் மெஷின் தாங்காது.”

என் கை தாங்காது என்று சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். மெஷின் தாங்காதாம். எனக்கு மஞ்சள் நீராட்டும் காதுகுத்தும் வந்தன. ஒரு வாரம் முழுக்கப் பக்கத்து மேசையில் வெள்ளைக் கவுன் போட்ட பெண் கோயில் படியேறி வருவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ‘உய்’ முடிந்த கையோடு வெட்டி, மோதிரத்துக்குத் தாவினான். பக்கத்தில் இருந்து பார்க்கிற எனக்கு என் விரலையே வெட்டியது மாதிரி இருந்தது. கேட்டால்தானே சொல்ல.

அதைப் பார்த்த அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பழைய மெஷினை வேகமாக ஓட்டுவது எப்படி என்று தேடினால் உலகம் முழுக்க என்னைப்போல் வயிறெரிந்தவர்கள் எழுதிக் குவித்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மதர்போர்டில் பஸ் என்று ஒன்று இருக்கிறது. பிராசசரும் ராமும் ஹார்டு டிஸ்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற தடம் அது. அந்தத் தடத்துக்கு ஒரு தாளம் உண்டு. என் மெஷினில் அது நூறு. பிராசசர் அதைப்போல் ஏழு மடங்கில் ஓடும். ஏழை மாற்ற முடியாது, செய்கிறவர்களே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். நூறை மாற்றலாம். கம்ப்யூட்டர் விழிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற நீலத் திரையில் அந்த எண் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை ஏற்றினால் எல்லாம் சேர்ந்து வேகமாகும். இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் அவசரப்படவில்லை. எனக்கு ஆத்திரம் இருந்தது, புத்தியும் இருந்தது. எங்கள் ஊர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் தூக்கும். ஊரே தூங்கும். முசே வீட்டுக்குப் போவார், மருமகனும் கூடவே போவான். உழவர்கரைவரை வெயிலில் மிதித்துப் போய் வருவது வீண் என்று நான் மட்டும் மாடியிலேயே இருப்பேன். அந்த மூன்று மணி நேரம் என்னுடையது. முதல் காரியமாகக் கல்யாணங்கள் இருக்கிற ஹார்டு டிஸ்கின் வயரைப் பிடுங்கி ஓரமாகச் சுருட்டி வைத்தேன். மூலையில் கிடந்த ஒரு பழைய சின்ன டிஸ்கை மாட்டினேன். அதில் விண்டோசும் யாரோ பிள்ளையின் பிறந்தநாள் வெட்டுத் துண்டுகளும் தவிர வேறொன்றும் இல்லை. போனால் அதுவே போகட்டும்.

நூற்று மூன்று வைத்தேன். ஓடியது. நூற்று ஏழு. ஓடியது. பிறந்தநாள் படத்தை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பிரதி எடுத்து, பிரதியை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டில் மெஷின் ஜம்மென்று விழித்தது, எந்தப் புகாரும் சொல்லவில்லை. பிரதியை ஓட்டினால் குழந்தையின் கன்னத்தில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். நூற்று இருபதில் விண்டோஸே எழவில்லை. மறுநாள் பிரவுசிங் சென்டரில் காரணத்தைப் பிடித்தேன். ஹார்டு டிஸ்குக்குப் போகிற தடத்தின் தாளம் பஸ்ஸின் தாளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நூறுக்கு முப்பத்து மூன்று. அதுதான் அதற்குப் பழக்கம். பஸ்ஸை ஏற்றினால் அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிராசசர் தாங்கும், ராம் தாங்கும், டிஸ்க் தாங்காது. தாங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் சொல்லாது. தப்பாக எழுதிக்கொண்டே இருக்கும்.

அங்கேயே இன்னொன்றும் இருந்தது. நூற்று முப்பத்து மூன்றை எட்டியதும் என் போர்டு மாதிரியானவை தாமாகவே கணக்கை மாற்றிக்கொள்ளும். மூன்றில் ஒன்று என்பது நாலில் ஒன்றாகிவிடும். டிஸ்க் மறுபடி தன் பழைய முப்பத்து மூன்றுக்கே வந்து சேரும். அதாவது நடுவில் நிற்பதுதான் ஆபத்து. நூற்றுப் பத்தும் நூற்று இருபதும் கல்யாணத்தைத் தின்றுவிடும், நூற்று முப்பத்து மூன்றில் அது பத்திரமாக இருக்கும். எனக்கு நம்பிக்கை வர நாளானது. கொஞ்சம் கூட்டினால் கெடுகிறது, நிறையக் கூட்டினால் சரியாகிறது என்றால் யார் நம்புவார்கள்?

பிராசசர் அந்த வேகத்தில் கொதிக்கும் என்று எல்லோருமே எழுதியிருந்தார்கள். தட்டாஞ்சாவடியில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை உடைத்துப் போடுகிற ஒரு பட்டறையில் பெரிய அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றும் ஃபேனும் தேடிப் பிடித்தேன். கேபினட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். ராம் நல்ல வேளையாக அந்த வேகத்துக்கென்றே செய்ததாக இருந்தது. எண்ணை மாற்றிவிட்டுப் பொத்தானைத் தட்டியபோது வியர்த்துவிட்டது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும். விழித்தது. படங்களைப் பிரதி எடுத்தேன், கன்னத்தில் கட்டம் இல்லை. அதற்குப் பிறகும் விடவில்லை. மதியத்துக்கு மதியம் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ரெண்டர் போட்டேன். ராமைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் ஒரு பிழையும் காட்டாத பிறகுதான் கல்யாண டிஸ்கின் வயரை மறுபடி செருகினேன்.

அவன் மெஷினை அது தோற்கடித்தது என்று சொன்னால் பொய். கிட்டத்தில் போயிற்று. மீதியை என் கை பார்த்துக்கொண்டது. அவன் ஒரு சீனை மூன்று தரம் வெட்டி மூன்று தரம் ரெண்டர் போடுவான், நான் ஒரே தரம்தான். ஒரு சனிக்கிழமை என் காதுகுத்து முடிந்து சிடியே எழுதியாகிவிட்டது, அவன் இன்னும் வரவேற்புக் காட்சியிலேயே நின்றுகொண்டிருந்தான். முசே என் மேசைப் பக்கம் வந்து உன் மெஷினுக்கு என்ன ஆனது என்று கேட்டார். நன்றாகத் துடைத்தேன் என்றேன். பிறகு பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பாதிதான் கேட்டிருப்பார். ஆனால் மருமகன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். கண்ணெல்லாம் மின்ன, அந்த நீலத் திரையை ஒரு முறை காட்டச் சொல்லிக் கெஞ்சினான். அவன் முகத்தில் அன்று நான் பார்த்தது என் முகம்தான். அவ்வளவு ஆனந்தம் எனக்கு எந்தச் சாக்லேட்டிலும் கிடைத்ததில்லை.

புதுசு வேகமாக ஓடுவதில் என்ன பெருமை, பழசை ஓடவைப்பதுதான் பெருமை என்று அவன் மாமாவை இரண்டு நாள் நச்சரித்திருக்கிறான். முசே ஒரு காலையில் வந்து நாங்கள் மேசையை மாற்றிக்கொள்ளலாம் என்றார். வேலை அதிகம் பார்ப்பவள் நான், எனக்குப் புதுசு இருக்கட்டும். அவன் பழசில் பழகட்டும். நான் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் ஹெட்போன் கழன்று விழுந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு.

உட்காருவதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திரையைத் திறந்து, எண்ணின் மேல் விரலை வைத்தே சொன்னேன்.

“தம்பி, இந்த நம்பர ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது. எறக்குனா டிஸ்க் போயிடும்.”

“உய், அக்கா,” என்றான்.

ஏன் என்றும் சொன்னேன். மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, விரலை மடக்கிக் காட்டினேன். தலையாட்டினான். அவனுடைய தமிழ் அடுப்படித் தமிழ். அதில் எவ்வளவு உள்ளே போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் தலையை நன்றாகத்தான் ஆட்டினான்.

புது மெஷினில் எனக்கு ஒரு நாள் சந்தோஷம் இருந்தது. மறுநாள் ஒரு குடும்பம் படியேறி வந்தது. பிரான்சில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இங்கே ஓர் உறவுக்காரப் பெண்ணை முடித்த குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா நேராக மருமகனிடம் போய் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தை இந்தத் தம்பிதான் பண்ண வேண்டும், நம்ம பாஷை தெரிந்த பிள்ளை என்றாள். முசே சரி என்றார். கேசட் என் பழைய மேசைக்குப் போயிற்று. என் மெஷின் தாங்காது என்று சொன்ன அதே மனிதர், அதே மெஷினுக்குத்தான் அந்தக் கல்யாணத்தைக் கொடுத்தார். மெஷின் என்னிடம் வந்தது, கல்யாணம் அவனோடு போயிற்று. நான் இத்தனை நாள் எதைப் பார்த்து வயிறெரிந்தேன் என்பதே அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்கு என் பழைய மெஷின்மேலேயே பொறாமை வந்தது. அந்த ஃபேன் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். இப்போது அது அவனுக்காக ஓடியது. நான் கழற்றிவைத்த தகட்டின்மேல் அவன் டீ கிளாசை வைத்தான். வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொல்வான், அவர்கள் ஆச்சரியமாக அவனைப் பார்ப்பார்கள். நடுநடுவே அக்கா என்ற சொல்லும் வரும். அதாவது என் பெயருக்கு மரியாதை செய்துதான் சொல்கிறான். எனக்கு அதுவும் ஆகவில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணின் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பது மாதிரி அவ்வளவு வேகத்தில் பறக்கிற புதுசின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குடும்பத்துக்கு டிக்கெட் இன்னும் மூன்று நாளில் என்றிருந்தபோது அவன் என்னைக் கூப்பிட்டான். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். சாமியார் முகத்தில் பச்சைக் கட்டங்கள். அவன் அடுத்த துண்டைத் திறந்தான், திறக்கவில்லை. அதற்கடுத்தது இல்லவே இல்லை. நான் எதுவும் கேட்காமல் மெஷினை அணைத்துப் போட்டு நீலத் திரைக்குப் போனேன். நூற்று இருபத்து நாலு.

“ரொம்ப சூடா இருந்துச்சு அக்கா,” என்றான். “பாவமா இருந்துச்சு. அதான் கொஞ்சம் கொறச்சேன்.”

ஏசி இரண்டு நாளாகச் சரியாகக் குளிரவில்லை. கை வைத்துப் பார்த்திருக்கிறான், சுட்டிருக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லதுதானே என்று நினைத்திருக்கிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு நாளாக டிஸ்க் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. கேசட்டைக் கேட்டேன். கேமராக்காரர் அதில் ஒரு மஞ்சள் நீராட்டை எடுத்து முடித்திருந்தார்.

என்னுள் முதலில் எழுந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, நல்ல கொழுத்த சந்தோஷம். இப்போது பார்ப்போம் என்று இருந்தது. எண்ணை மறுபடி ஏற்றி, அழிந்ததை மீட்கிற புரோகிராமைப் போட்டு, அன்று மதியம் வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்ட அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிடைத்ததைப் பொறுக்கினேன். வரவேற்பு கிடைத்தது, சாப்பாட்டுப் பந்தி கிடைத்தது, ஆட்டம் கிடைத்தது. கோயில் கிடைக்கவில்லை. அந்தப் பெண் படியேறுகிற வரை இருக்கிறது, பிறகு ஒரேயடியாக வெளியே வந்து அரிசி தூவிக்கொள்கிறார்கள். நடுவில் அவள் முகவாய் ஏறிய நொடியை நான் பார்த்ததே இல்லை, இனி யாரும் பார்க்க முடியாது. அது தெரிந்தபோது என் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை முசேக்காக வைத்திருந்தேன்.

நாலு மணிக்கு முசே வந்தார். நான் என் மேசையில் போய் உட்கார்ந்து ஹெட்போனைக் காதில் மாட்டினேன், ஒலியைக் குறைத்து. அவன் எழுந்து நேராக அவர் முன்னால் போய் நின்றான். தான்தான் மாற்றினேன் என்று மார்பில் கைவைத்துச் சொன்னான். பிரெஞ்சில்தான் சொன்னான், ஆனாலும் எனக்கு முழுக்கப் புரிந்தது. முசே திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் கத்துவதை நான் கேட்டிருக்கிறேன், கீழே பெட்டிக்கடைவரை கேட்கும். அதற்காகக் காத்திருந்தேன். அவர் அவன் பின்கழுத்தில் கை வைத்தார்.

“பரவால்லடா,” என்றார். “கத்துக்கிட்ட இல்ல, விடு.”

பெண்ணும் மாப்பிள்ளையின் அம்மாவும் மறுநாள் வந்தார்கள். அவனே சொன்னான். அந்த அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பெண் அழவில்லை, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். அவனுக்கும் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் அந்த அம்மா தன் அழுகையை விட்டுவிட்டு அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். கோயில் போட்டோக்களைக் கொண்டு வந்து தருகிறோம், அதை வைத்து ஏதாவது பண்ணுங்கள் என்றார்கள். அந்தப் போட்டோக்களை வரிசையாக வைத்து, மணியோசையைச் சேர்த்து, டிக்கெட்டுக்கு முன்னால் முடித்துக் கொடுத்தது நான்தான்.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு முசே அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். மருமகன் கீழே அவர்களை வழியனுப்பப் போயிருந்தான்.

“நீ பக்கத்துலதான இருந்த,” என்றார் என்னிடம். “நீ பாக்க வேணாம்?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். விரல் வைத்துச் சொன்னேன் முசே, மூன்றில் ஒன்று நாலில் ஒன்று என்று மடக்கிக் காட்டினேன் என்று சொல்லியிருப்பேன். இனிமே பாத்துக்கறேன் என்றேன். அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவன் விசிலடித்துக்கொண்டு படியேறி வந்தான், எனக்கும் ஒரு டீ கையில் எடுத்துக்கொண்டு.

அடுத்த வருஷம் அவன் பிரான்சுக்குத் திரும்பிப் போய்விட்டான். பாரீஸ் கல்யாணங்கள் மறுபடி எனக்கே வந்தன. அவன் மெஷினைப் பார்த்து வந்த எரிச்சல் அது பழசானதும் போய்விட்டது. அவன் பிரெஞ்சும், அந்த அம்மாக்களின் முத்தமும்கூட மறந்து போயிற்று. பின்கழுத்தில் வைத்த அந்தக் கை மட்டும் போகவில்லை. அந்த ஸ்டுடியோவில் நான் இருந்த காலம் முழுக்க என் கையில் ஒரு கல்யாணமும் தொலையவில்லை. எல்லோரும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். தொலைத்துவிட்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு ஒரு நாளும் வசதி இருந்ததில்லை, அவ்வளவுதான்.